அம்மாவோடு பாரீஸ்: எகானமியில் எந்த சீட் எடுப்பது?

கேள்வி இது: "கடலூரில் இருந்து 68 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு பாரீஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்கு ஒரு முழங்காலில் வலி, சர்க்கரையும் உண்டு. எகானமிதான். ஜன்னல் சீட் எடுக்கலாமா, காலை நீட்ட இடம் இருக்கும் முன் வரிசையைக் காசு கொடுத்து வாங்கலாமா, இல்லை டாய்லெட் பக்கத்திலேயே போட்டுக்கொள்வது வசதியா?"

மூன்றுமே வேண்டாம். நடுவில் இருக்கும் சீட் கூட்டத்தில் ஓர சீட்டை அம்மாவுக்கும், அதை ஒட்டிய சீட்டை உங்களுக்கும் எடுங்கள். இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால், டாய்லெட்டுக்கு நாலைந்து வரிசை தள்ளி. அவசரத்தில் இருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு டிக்கெட் போடப் போகலாம். காரணம் தெரிய வேண்டும் என்றால் கொஞ்சம் உட்காருங்கள்.

புதுச்சேரியில் இருபது வருஷத்துக்கு மேலாக டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு. பிள்ளைகளைப் பார்க்க பாரீஸ் போகும் அப்பா அம்மாக்கள்தான் என் மேஜைக்கு அதிகம் வருபவர்கள். சீட் பற்றி விளக்க நான் எப்போதும் பஸ்ஸில் இருந்துதான் ஆரம்பிப்பேன். கடைசி சீட் தூக்கிப் போடும், டயருக்கு மேல் இருக்கும் சீட்டில் முழங்காலை மார்போடு மடக்கி உட்கார வேண்டும், வாசல் ஓரம் காற்று வரும் ஆனால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் காலை மிதிப்பான். கடலூர் பஸ்ஸில் போய்வந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானத்திலும் கணக்கு இதேதான். என்ன, துண்டு போட்டு இடம் பிடிப்பதை இரண்டு நாள் முன்னாலேயே கம்ப்யூட்டரில் செய்துவிட வேண்டும்.

முதலில் விமானம் எது என்று பாருங்கள், சீட் நம்பர் அப்புறம். பூக்காரம்மா முழம் போடுகிறாரே, முழங்கையில் இருந்து விரல் நுனி வரை, அது ஏறத்தாழ 18 அங்குலம். எகானமி சீட்டின் அகலம் அந்த ஒரு முழத்தைச் சுற்றியேதான் இருக்கிறது. ஏர்பஸ் ஏ330, ஏ350, ஏ380 ஆகியவற்றில் பெரும்பாலும் முழம் நிறைந்துவிடும், அல்லது அரை அங்குலம் குறையும். போயிங் 777-ல் வரிசைக்குப் பத்துப் பேரை உட்கார வைத்தால் ஆளுக்கு 17 அங்குலம்தான் கிடைக்கும். 787-ல் ஒன்பது பேர் என்றாலும் கிட்டத்தட்ட அதே 17. ஓர் அங்குலம்தானே என்பீர்கள். கை குட்டையான பூக்காரம்மாவிடம் வாங்கிய பூ தலையில் வைத்ததும் குறைவாகத் தெரியுமே, அதுபோல இந்த ஓர் அங்குலம் தோளில் தெரியும். ஏழு மணி நேரம் பக்கத்து ஆளின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருவதா, இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

777 விமானம் 1995-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர் என்பதுதான் வழக்கம். அதே உடம்புக்குள் பிற்பாடு பல நிறுவனங்கள் பத்தாவது ஆளைத் திணித்துவிட்டன. எமிரேட்ஸின் 777-ல் 3-4-3, அதாவது இடது பக்கம் மூன்று சீட், நடுவில் நாலு, வலது பக்கம் மூன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர 777-ல் இன்னமும் 3-3-3. 787-ஐ எட்டுப் பேர் வரிசையாகவும் அமைக்கலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் சர்வதேச விமானங்களில் 2-4-2 வைத்திருக்கிறது, மற்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் 3-3-3. ஏ350 என்றாலே விசாலம் என்றும் நம்பிவிடக் கூடாது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் உறவு இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பாரீஸில் இருந்து பிரெஞ்ச் பீ என்ற நிறுவனத்தின் விமானத்தில் போவதுண்டு. அந்த ஏ350-ல் வரிசைக்குப் பத்துப் பேர். ஆகவே டிக்கெட் விலை ஆயிரம் இரண்டாயிரம்தான் வித்தியாசம் என்றால், நான் விமான வகையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பேன். ஏ350, 787 இரண்டிலும் இன்னொரு லாபம் உண்டு. மற்ற விமானங்களுக்குள் காற்றழுத்தம் 8000 அடி உயர மலை வரைக்கும் குறையலாம். இவற்றில் 6000 அடி அளவிலேயே வைத்திருக்கிறார்கள், காற்றும் அவ்வளவு வறண்டு போவதில்லை. வயதானவர்கள் இறங்கும்போது முகத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.

முன் சீட்டுக்கும் நம் சீட்டுக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் 31, 32 அங்குலம்தான். அதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி எந்தப் பகுதி என்பது. இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானத்தில் இடது பக்கம் ஒரு கூட்டம், நடுவில் ஒன்று, வலது பக்கம் ஒன்று. 3-4-3 என்றால் ஏ, பி, சி. டி, இ, எஃப், ஜி. எச், ஜே, கே. ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் ஐ கிடையாது. இப்போது அம்மாவை சி-யில் உட்கார வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ-க்காரர் டாய்லெட் போக வேண்டும் என்றாலும் அம்மா எழுந்திருக்க வேண்டும், பி-க்காரருக்கும் அப்படித்தான். முழங்கால் வலிக்காரரை ராத்திரியில் நாலு தடவை எழுப்பிவிடுவார்கள். அதே அம்மா டி-யில் இருந்து, நீங்கள் இ-யில் இருந்தால்? எஃப்-க்காரர் ஜி பக்கமாகப் போய்விடுவார். அம்மாவைத் தாண்டிப் போக வேண்டிய ஒரே ஆள் நீங்கள்தான், நீங்கள் அம்மா எழும்போதே சேர்ந்து எழுந்து போய்வரலாம். 3-3-3 விமானத்திலும் இதே கணக்கு: நடுக் கூட்டத்தில் அம்மா ஓரம், நீங்கள் நடு, மூன்றாம் ஆள் தன் பக்க நடைபாதையில் இறங்கிக்கொள்வார். 2-4-2 கிடைத்தால் மட்டும் ஜன்னல் பக்கத்து ஜோடி சீட் எடுங்கள். அங்கே மூன்றாவது ஆளே இல்லை.

நடுக் கூட்டம் என்றால் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். ஜன்னலும் இல்லை, ஒரு சாய்மானமும் இல்லை என்று. அதனாலேயே அது கடைசியில் நிரம்புகிறது. கூட்டம் இல்லாத நாளாக இருந்தால் உங்கள் பக்கத்து சீட் காலியாகவே வரும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம்.

முன் வரிசைக்கு வருவோம். எமர்ஜென்சி வாசல் வரிசை அம்மாவுக்குக் கிடைக்காது. ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடிய உடல்நிலை இருப்பவர்களைத்தான் அங்கே உட்கார விடுவார்கள். வீல்சேர் கேட்டவரை நிச்சயம் விட மாட்டார்கள். உங்களுக்கு ஒன்றும் இழப்பில்லை. நான் ஒருமுறை ஆசைப்பட்டுக் காசு கட்டி அதில் போனேன். ஜன்னல் ஓரம். காலுக்கு முன்னால் கதவு மூட்டை மாதிரி வீங்கி வெளியே துருத்திக்கொண்டு நின்றது, சறுக்குப் பலூனை அதற்குள்தான் மடித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கக் காலை நீட்ட வழியில்லை. கதவின் கீழ் விளிம்பில் இருந்து சில்லென்று குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு ஜோடி காலுறை போட்டும் விரல் மரத்தது. சாப்பாட்டுப் பலகையும் டிவியும் கைப்பிடிக்குள் இருந்து எழுந்து வரும், அதனால் கைப்பிடி தடித்துப்போய், தூக்கவும் முடியாமல், முழத்தில் இன்னும் ஓர் அங்குலம் போய்விட்டது. கூடவே டாய்லெட்டுக்குக் காத்திருக்கும் கூட்டம் முழுக்க என் முழங்காலுக்கு எதிரே. ஒருவர் யோகாசனமே செய்தார்.

சுவருக்கு எதிரே இருக்கும் வரிசையும் ஏமாற்று வேலைதான். முன்னால் யாரும் சாய மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் சுவரை உதைத்துக்கொண்டு காலை நீட்ட முடியாது. முன் சீட்டுக்கு அடியில் காலைச் செருகும் இடம் அங்கே இல்லையே. பையையும் விமானம் கிளம்பும்போது, தரையிறங்கும்போது மேலே வைத்துவிடச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, தண்ணீர், பிஸ்கட் எல்லாம் தலைக்கு மேல் பெட்டிக்குள் போய்விடும். குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அந்தச் சுவர்தான். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அதைவிட நல்ல வரிசை கிடையாது, மற்றவர்கள் அவர்களுக்கே விட்டுவிடலாம்.

டாய்லெட் பக்கம் என்ற யோசனை சர்க்கரை இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். பத்தடி தூரம் நடப்பது அம்மாவுக்கு நல்லது. ஒட்டிய வரிசையில் உட்கார்ந்தால் கதவு தட் தட் என்று அடிப்பது, உள்ளே விளக்கு எரிந்து எரிந்து அணைவது, தண்ணீர் உறிஞ்சும் அந்தப் பயங்கரச் சத்தம், இதெல்லாம் விடிய விடிய. கடைசி வரிசை என்றால் பின்னால் சுவர் இருந்து சீட் சாயாமலும் போகலாம். நாலைந்து வரிசை தள்ளினால் போதும்.

ஆட்டம் இறக்கைப் பகுதியில் குறைவு, வாலில் அதிகம். சத்தம் என்ஜினுக்கு முன்னால் குறைவு, பின்னால் அதிகம். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் என்று நான் சொன்னது இரண்டுக்கும் இடையில் ஒரு சமரசம். முன்பகுதியில் அதே மாதிரி ஓர சீட் சும்மா கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாலில் ஒரே ஒரு நல்ல விஷயம் உண்டு. 777-ன் உடம்பு பின்னால் குறுகுவதால், பல நிறுவனங்களில் கடைசிச் சில வரிசைகள் மட்டும் 2-4-2 ஆக இருக்கும். அந்த ஜோடி சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பை வைக்கிற அளவு சந்து கிடைக்கும். ஆட்டத்துக்குப் பயப்படாத கணவன் மனைவிக்கு அதைத்தான் போட்டுக் கொடுப்பேன். வாந்தி வருகிறவர்களுக்குக் கூடாது.

ஜன்னல் சீட் யாருக்கு என்று கேட்டால், ஏறியதும் தூங்கி இறங்கும்போது எழுகிறவர்களுக்கு. உங்கள் பயணம் துபாய், தோஹா மாதிரி ஓர் ஊரில் மாறிப் போவதாக இருந்தால் அது இரண்டு விமானம், இரண்டு தனி முடிவு. சென்னையில் விடியற்காலை ஏறும் முதல் நாலைந்து மணி நேரத்துக்கு, தூக்கம்தான் முக்கியம் என்றால் நீங்களே ஜன்னலுக்குப் போகலாம். பாரீஸ் வரைக்குமான ஏழு மணி நேரம் பெரும்பாலும் பகலில் இருக்கும், அதில் அம்மாவுக்கு ஓர சீட்டை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐரோப்பா போகும் பகல் விமானத்தில் இடது பக்கம்தான் வெயில் அடிக்கும், திரும்பி வரும்போது வலது பக்கம்.

ஜன்னல் எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புதுச்சேரியில் சொல்தா என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர் ஒருவர், ஆறடி ஆள், கட்டாயம் ஜன்னல் வேண்டும் என்றார். காசு கட்டி எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் நேராக என் கடைக்கு வந்து, "தம்பி, ஏழு மணி நேரம் செவுத்தப் பாத்துக்கினே போனேன்" என்றார். உள்ளே குழாய் போவதாலும் வேறு காரணங்களாலும் சில வரிசைகளில் ஜன்னல் இருக்காது, அல்லது தோளுக்குப் பின்னால் இருக்கும். விமான நிறுவனத்தின் படத்தில் அது தெரியாது. அதற்குப் பிறகு ஏரோலோபா என்ற தளத்தைப் பார்க்காமல் நான் யாருக்கும் ஜன்னல் சீட் போடுவதில்லை. ஒவ்வொரு ஜன்னலும் எந்த சீட்டுக்கு நேராக இருக்கிறது என்று அளவுப்படி வரைந்திருக்கிறார்கள்.

2025 ஜூனில் அகமதாபாத் விபத்துக்குப் பிறகு சில மாதங்கள் எல்லோரும் 11ஏ கேட்டார்கள், உயிர் பிழைத்த ஒரே பயணி அந்த சீட்டில் இருந்தார் என்பதால். ஒரு விமானத்தில் 11ஏ எமர்ஜென்சி வாசலை ஒட்டி இருக்கும், இன்னொன்றில் பிசினஸ் கிளாஸில் இருக்கும், மற்றொன்றில் சாதாரண வரிசையாக இருக்கும். அந்த நம்பரில் ஒன்றுமில்லை.

ஓர சீட்டை இவ்வளவு அழுத்திச் சொல்ல உடம்பு சம்பந்தமான காரணமும் உண்டு. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் நரம்புக்குள் ரத்தம் கட்டும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம், அப்படியும் ஏறக்குறைய 6000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் அந்த ஆய்வு விமானத்தை மட்டும் சொல்லவில்லை, காரும் பஸ்ஸும் சேர்த்திதான். உங்கள் பயணம் மீனம்பாக்கத்தில் தொடங்கவில்லை, கடலூர் வீட்டு வாசலில் தொடங்குகிறது. அங்கிருந்து திண்டிவனம் வழியாக நாலு மணி நேரம் கார், அப்புறம் மூன்று மணி நேரம் ஏர்போர்ட் நாற்காலி, அதற்குப் பிறகுதான் விமானமே. மேல்மருவத்தூரில் காரை நிறுத்தி டீ குடிக்கிற சாக்கில் அம்மாவைக் கொஞ்சம் நடக்க வையுங்கள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடைபாதையில் ஒரு நடை. முன்பு காலில் ரத்தம் கட்டியது உண்டு, சமீபத்தில் ஆபரேஷன் நடந்தது என்றால் கிளம்பும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள், இறுக்கமான காலுறை வேண்டுமா என்று அவர் சொல்வார்.

இனி சீட்டைப் பிடிப்பது. டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும், விமானம் ஓட்டுவது வேறொன்றாக இருக்கும். ஓட்டுகிற நிறுவனத்தின் பி.என்.ஆர் தனி. அதைக் கேட்டு வாங்கி அவர்கள் தளத்திலேயே சீட் போட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தேர்ந்தெடுத்தது அவர்களுக்குப் போய்ச் சேராது. ஆகக் குறைந்த விலை டிக்கெட்டில் முன்கூட்டியே சீட் எடுக்கக் காசு கேட்பார்கள். அம்மா மாதிரி ஆட்களுக்கு அந்தக் காசைக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதற்கு முன் வீல்சேர் உதவியைப் பதிவு செய்யுங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லும்போதே முழங்காலில் வலி, ஓர சீட் வேண்டும், மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதிப்படி, நடமாட்டம் குறைந்தவரின் தேவைக்கு ஏற்ற சீட் கொடுக்கவும், துணைக்கு வருபவரைப் பக்கத்தில் உட்கார வைக்கவும் இடமிருக்கும் வரை நிறுவனம் முயல வேண்டும். பாரீஸில் இருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் இது பொருந்தும். போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தில் போனால் அப்போதும் பொருந்தும். இந்த வழியில் பலருக்குக் காசில்லாமலேயே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அதுவும் நடக்கவில்லை என்றால் வெப் செக்-இன் திறக்கும் நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள், நிறுவனத்தைப் பொறுத்து 24 மணியில் இருந்து 48 மணி நேரம் முன்னால். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் எல்லா சீட்டும் கலைந்துவிடும், ஆகவே கிளம்பும் அன்றும் ஒருமுறை திறந்து பாருங்கள். காசு கட்டிய சீட் போய்விட்டால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்க ரசீதை வைத்திருங்கள்.

உட்கார்ந்த பிறகு ஒரு வேலை. ஓர சீட்டின் வெளிப்பக்கக் கைப்பிடி அசையாத மாதிரி இருக்கும். அதன் அடிப்பக்கம், முதுகுச் சாய்மானத்தோடு சேரும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். பல விமானங்களில் அங்கே ஒரு சின்ன பொத்தான் அல்லது நெம்பு இருக்கும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். அப்புறம் அம்மா முழங்காலை மடக்கி முறுக்காமல், கட்டிலில் இருந்து எழுந்திருப்பது மாதிரி பக்கவாட்டில் திரும்பி எழலாம். விமானம் கிளம்பும்போது, தரையிறங்கும்போது மட்டும் கைப்பிடி கீழே இருக்க வேண்டும்.

எந்த முழங்கால் என்று நீங்கள் எழுதவில்லை. நடுக் கூட்டத்தில் டி-க்கு இடது கைப் பக்கம் நடைபாதை, எதிர் ஓரமான ஜி-க்கு வலது கைப் பக்கம். இடது முழங்கால் என்றால் அம்மா டி, நீங்கள் இ. வலது என்றால் அம்மா ஜி, நீங்கள் எஃப். 3-3-3 விமானத்தில் எழுத்து மாறும், ஆனால் வலிக்கிற கால் நடைபாதைப் பக்கம் இருந்தால் அவ்வப்போது நீட்டி வைக்கலாம். சாப்பாட்டு வண்டி வரும்போது உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது நல்ல கனம்.